வூடு வந்துடுச்சுங்க, எறங்குங்க

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து நின்றுவிட்டார். வீட்டையொட்டிய கொட்டகையில் கிடந்த காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "எடைக்குத்தான் எடுத்துக்குவேன் தம்பி, வண்டின்னு நெனைச்சு வெலை சொல்லாதீங்க" என்றார். எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். எடையாவது ஒன்றாவது, சும்மா தள்ளிக்கொண்டு போகிறேன் என்றாலும் கொடுத்திருப்பேன். அந்தக் காரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அது வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன கறுப்புச் சீமைக் கார். நாலு கை மாறி அப்பாவிடம் வந்தது. விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் வாடகைக்கு நிறுத்தியிருப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் வாடகைக் கார் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் அதில்தான் போவார்கள். பெண்ணாடத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்களும் அதைத்தான் தேடுவார்கள். நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா கடலூர் ஆஸ்பத்திரிச் சவாரிக்கு ஒப்புக்கொள்கிற வரைக்கும்.

எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரியிலோ வழியிலோ போய்விட்டால் உடம்பை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். தெருவில் கீற்றுப் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துவிடுவார்கள். செத்தவர் தன் கையால் கட்டிய வீடாக இருந்தாலும் அதுதான் வழக்கம். அதனால் டாக்டர் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் காருக்கு அலையாய் அலைவார்கள். ஒரு டிரைவரும் வரமாட்டான். நடுவழியில் போய்விட்டால் வண்டிக்குத் தீட்டு, அப்புறம் நல்ல காரியத்துக்கு எவனும் கூப்பிடமாட்டான் என்று பயம். அப்பா போனார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரவர் தெருமுனையில் திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். வாசலில் நிறுத்தி இறங்கி, பின்கதவைத் திறந்து, படுத்திருக்கிறவரைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார்: "வூடு வந்துடுச்சுங்க, எறங்குங்க."

டிரைவரே கூப்பிட்டு இறக்குகிறார் என்றால் உயிர் வாசல்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். தெருப் பெரியவர்கள் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். நேரே உள்ளே தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் படுக்கவைப்பார்கள். அழுகைச் சத்தம் அதற்கு அப்புறம்தான் எழும்பும். சொந்தக்காரன் சொன்னால் செல்லாது, அவன் பாசத்தில் சொல்லுவான். வண்டி ஓட்டி வந்தவன் சொன்னால் செல்லும்.

ஊரில் அந்தக் காருக்குப் பொணக்காரு என்று பெயர் விழுந்தது. எனக்கு ஸ்கூலில் பொணக்காரு மவன். கபடியில் என்னைத் தொட்டுவிட்டால் தலைமுழுக வேண்டும் என்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும், அடித்துக்கொண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவேன். அம்மா ஊசியும் நூலும் எடுப்பாள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சவாரிக்கும் பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்து அந்தக் காரின் பின்சீட்டைக் கழுவியதும் அவள்தான். அந்தச் சீட்டில் ஒருநாள்கூட அவள் உட்கார்ந்ததில்லை.

பதினைந்து வயதில் ஒரு தடவை அப்பாவோடு போகவேண்டி வந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், விவசாயி. பிடிக்க ஆள் போதவில்லை என்று அப்பா என்னை ஏற்றிக்கொண்டார். அந்த விவசாயியின் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். நெய்வேலி தாண்டும்போதே அந்தப் பாதம் சில்லிட்டுவிட்டது எனக்குத் தெரியும். கருவேப்பிலங்குறிச்சியில் வாசலில் நிறுத்தி, அப்பா கொஞ்சமும் குரல் மாறாமல், "வூடு வந்துடுச்சுங்க, எறங்குங்க" என்றார். அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

திரும்பி வரும்போது நான் அப்பாவிடம் கத்தினேன். "செத்தவங்கள உசுரோட இருக்காங்கன்னு பொய் சொல்றியே, ஒனக்கே நல்லா இருக்குதா?"

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு கட்டுன வூட்டுல அவரு ஒரு ராத்திரி படுக்கட்டும்டா. ஒரு வார்த்தைதான? எனக்கென்ன தேஞ்சா போயிடுது?"

"என்னால முடியாது. நான் சொல்லமாட்டேன்."

"நீ சொல்ல வேணாம். நான் இருக்கேன் இல்ல" என்றார்.

அந்தக் காரில் இருந்து தப்பிக்கத்தான் நான் பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது? நான் இருந்தது களிமண் கரைக்கிற இடம். நெய்வேலிப் பக்கமிருந்து லாரியில் வருகிற வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கூழாக்கி, அச்சில் ஊற்றக் கொடுக்கவேண்டும். கூழ் கெட்டியாக இருந்தால் சிலிக்கேட் என்று ஒரு திரவம் ஊற்றுவோம். தேன் மாதிரி இருக்கும். ஒரு கரண்டி போதும், கெட்டிக் கூழ் தண்ணீராய் இளகி ஓடும். அளவு மீறினால் மட்டும் திரும்பவும் இறுகிக்கொள்ளும். சூட்டில் காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். சூளைச் சுவரில் விரிசல் விட்டாலும் அதைத்தான் மண்ணில் குழைத்துப் பூசுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதெல்லாம் எனக்குப் பாடம்.

அப்பா சாவதற்கு முந்தைய கோடையில் கார் கொதித்து நின்றது. எஞ்சினின் ஹெட்டில், அதாவது மேல்மூடியில், விரிசல். அப்பா அதைச் சரிபண்ணப் பார்ப்பதற்குள் அவரே படுத்துவிட்டார். வீட்டுக் கூடத்தில், அவர் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். கொடுத்துவைத்த மனுஷன்.

இரும்புக்காரர் விலை பேச ஆரம்பிக்கிற நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அந்தக் காரு எங்கயும் போவாது, நீங்க கெளம்புங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓடாத வண்டிய வெச்சிக்கிட்டு பூசையா போடப்போற?" என்றேன்.

"ஓடறாப்புல பண்ணு."

"எதுக்கு?"

அம்மா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "என்னைய ஆஸ்பத்திரியில போட்டா யாருடா கொண்டாருவா? ஒங்கப்பா இருந்தாரு, ஊருக்கெல்லாம் கொண்டாந்து சேத்தாரு. எனக்கு யாரு இருக்கா? எதுத்த வூட்டுக்காரிய மழையில தெருவுல போட்டிருந்தாங்களே, பாத்தியா இல்லியா? கீத்து ஒழுகி மூஞ்சிமேல சொட்டுச்சு. நான் குடைய புடிச்சிக்கிட்டு நின்னேன். அவ வூட்டுக் கதவு பத்தடியில இருக்குது. எனக்கு அது வேணாம். நான் உள்ள படுக்கணும்."

"சரி, ரிப்பேர் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் பெண்சாதிக்கு அது பிடிக்கவில்லை. "ஏங்க, எங்க வூட்டு மனுஷங்க வந்தா அந்தக் கொட்டாயப் பாத்துட்டு வாசல்லயே நின்னுக்கறாங்க. அத்தை சொல்றாங்கன்னு நீங்களும் தலைய ஆட்டறீங்களே" என்றாள். அவளுக்கும் தலையை ஆட்டினேன். இரண்டு பக்கமும் தலையாட்டியதுதான் நான் செய்த முதல் தப்பு.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். அப்பாவுக்கு வெகுநாள் சினேகிதம். வந்து பார்த்து, "ஹெட்டே மாத்தணும் தம்பி. மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில தேடுனா கெடைக்கும். நானே போயி எடுத்தாறேன். இந்த எஞ்சினு இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். செலவைக் கேட்டேன். என் மூன்று மாதச் சம்பளம். அவ்வளவையும் கொண்டுபோய் நான் வெறுக்கிற ஒரு சாமானில் கொட்டவேண்டுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

யோசித்தேன். யோசித்ததில்தான் அந்தப் பாழாய்ப்போன புத்தி வந்தது. விரிசல்தானே? சூளை விரிசலையே அடைக்கிற சரக்கு கம்பெனியில் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது. சூடு பட்டால் இறுகுகிறது. எஞ்சினில் சூட்டுக்கா பஞ்சம்? ஒரு பாட்டில் சிலிக்கேட்டைக் கொண்டுவந்து ரேடியேட்டர் தண்ணீரில் ஊற்றி, எஞ்சினைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். முதலில் வெள்ளைப் புகை கக்கியது. பிறகு புகை குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மெக்கானிக்குக்கூடத் தெரியாத வித்தையைப் பீங்கான்காரன் செய்துவிட்டான் என்று மிதப்பு.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காரை எடுத்து ஜங்ஷன்வரை போய்த் திரும்புவேன். அம்மா வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பாள். "ஓடுது இல்ல?" என்பாள். "ஜம்முனு ஓடுது" என்பேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியை ஒரு பாட்டில் சிலிக்கேட்டில் வாங்கிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் இப்படி ஓட்டினேன். நடுவில் எப்போதாவது புகை தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன்.

பாய் ஒரு நாள் வழியில் மறித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "இன்னா தம்பி ஊத்தி வெச்சிருக்கீங்க? உள்ள குழாயெல்லாம் நூல் கணக்கா சன்னம். அடைச்சிக்குச்சின்னா முடிஞ்சிது. ஜங்ஷனுக்குப் போயிட்டு வரத்துக்கு ஒண்ணும் தெரியாது. தூரம் போனா வுட்டுடும். கழட்டி வையுங்க, நான் சரிபண்றேன். காசு மெதுவா குடுங்க" என்றார். "பாக்கலாம் பாய்" என்றேன். எனக்கா சொல்கிறார், சிலிக்கேட்டைப் பற்றி எனக்கா என்று உள்ளே ஒரு திமிர். அளவு மீறினால் இறுகும் என்கிற பாடம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஊற்றினேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அம்மா விழுந்தாள். மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு இறங்கியவள் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. அவசரத்துக்கு ஜங்ஷனில் நின்ற வாடகைக் காரில்தான் கடலூருக்குக் கொண்டுபோனோம். போகும்போது எந்த டிரைவரும் மறுப்பதில்லை. நாலாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்ட வார்த்தை.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. வார்த்தை குழறும், ஆனால் புரியும். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நம்ம காரு" என்றாள். "கொண்டாறேம்மா" என்று சொல்லி, பெண்சாதியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு முதல் பஸ்ஸில் விருத்தாசலம் வந்தேன்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது காலை ஏழரை. அவ்வளவு தூரம் அது போய் வருஷக்கணக்காகிறது. வடலூர் வருவதற்குள் சூடுகாட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றினேன். மறுபடி புகை. கடலூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது எஞ்சின் கொதிக்கிற சத்தம் சோற்றுப்பானை மாதிரி கேட்டது. அங்கே அரை மணி நேரம் நின்று யோசித்திருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு மெக்கானிக்கைத் தேடியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? டிக்கியைத் திறந்தேன். அங்கே எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பேன். முழுப் பாட்டிலையும் ஊற்றினேன்.

அம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். தலை என் பெண்சாதியின் மடியில். அம்மா நல்ல கையால் சீட்டைத் தடவிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் அவள் அந்தக் காரில் ஏறியது அன்றுதான்.

நெய்வேலி தாண்டி முந்திரிக் காடு ஆரம்பிக்கிற இடத்தில் எஞ்சின் முனகியது. பிறகு ஒரு உதறல். பிறகு உள்ளே இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேனட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் மேல்பாதி அனலாய்க் கொதிக்கிறது, கீழ்ப்பாதி தொட்டால் சில்லென்று இருக்கிறது. தண்ணீர் இறங்கவே இல்லை. உள்ளே என் கையால் ஊற்றியது கல்லாகி உட்கார்ந்திருந்தது.

உச்சி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒரு பிரைவேட் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிக்குங்க, உள்ள புள்ளத்தாச்சி ஒண்ணு ஒக்காந்திருக்குது" என்று ஏறிக்கொண்டார். அவரைத் திட்டி என்ன பயன்?

"வூடு வந்துடுச்சா?" என்றாள் அம்மா.

"இதோ வந்துடும்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வந்துடுச்சா?"

"இதோ."

மூச்சு மாறிவிட்டது. என் பெண்சாதி என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்தாள். அம்மாவின் கண் மட்டும் என்னைத் தேடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. வாய் அசைந்தது, அவ்வளவுதான். நான் பின்கதவைத் திறந்தேன். அப்பா குரலில் சொன்னேன்.

"வூடு வந்துடுச்சும்மா, எறங்கும்மா."

அவள் முகம் தளர்ந்தது. "வத்தல எடுத்து வெச்சியா?" என்று கேட்டாள். குழறல்தான், ஆனால் எங்கள் இருவருக்கும் புரிந்தது. "எடுத்து வெச்சிட்டேம்மா" என்றேன். அதோடு போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் ஒரு லாரி வந்தது. நெய்வேலிப் பக்கமிருந்து எங்கள் கம்பெனிக்கே களிமண் ஏற்றி வருகிற லாரி. டிரைவருக்கு என்னை நன்றாகத் தெரியும். தார்ப்பாயை விரித்தார். வெள்ளைக் களிமண் குவியலின்மேல் அம்மாவைப் படுக்கவைத்து, நானும் பெண்சாதியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். கார் அங்கேயே நின்றது.

லாரி டிரைவர் ஊர் வழக்கம் தெரிந்தவர். எங்கள் தெருமுனையில் திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடித்தார். வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தார். தெருவே கூடி நின்றது. வீட்டுக் கதவை யாரோ அகலத் திறந்துவைத்திருந்தார்கள். அம்மாவின் கட்டில் உள்ளே போட்டிருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

எங்கள் தெருப் பெரியவர் முன்னால் வந்தார். அவருடைய சொந்த அண்ணனையே அப்பா கடலூரிலிருந்து கொண்டுவந்து உள்ளே சேர்த்திருக்கிறார். அவர் என்னிடம் தணிந்த குரலில்தான் கேட்டார். "கடலூர்லேருந்து கார ஓட்டிட்டு வந்தது நீதான? நீயே சொல்லுப்பா. உசுரு எங்க போச்சு?"

நான் சொல்வதற்காகத்தான் அவர் கேட்டார். தெருவே அதற்காகத்தான் காத்திருந்தது. மகன் என்று கேட்கவில்லை, டிரைவர் என்று கேட்டார். லாரி மேலிருந்து என் பெண்சாதி, "ஏங்க" என்றாள். பதினைந்து வயதில் பேசிய நியாயம் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"முந்திரிக் காட்டாண்ட" என்றேன்.

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். "கீத்து கொண்டாங்கப்பா" என்றார்.

மறுநாள் காலை எடுக்கிறவரை அம்மா தெருவில் கிடந்தாள். மழை இல்லை, அதையாவது சொல்லிக்கொள்ளலாம். கதவு பத்தடியில்தான் திறந்து கிடந்தது. காரை அந்த இரும்புக்காரரே முந்திரிக் காட்டில் போய் உடைத்து எடுத்துக்கொண்டார். என்ன எடை என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் என் பெண்சாதி மாடிக்குப் போய்க் காக்கை கொத்தியது போக மிச்சமிருந்த வத்தலை முறத்தில் வாரிக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து போகும்போது நின்று, "காட்டுல சொன்னீங்க, வாசல்ல கேட்ட எடத்துல சொல்லலியே" என்றாள். அழக்கூட இல்லை. முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.